இருபத்துமூன்று கழுகுகளும் ஒரு நாடா முடிச்சும்

என் அத்தைக்கு மனிதர்கள் காலிலிருந்துதான் தொடங்குவார்கள். பத்தொன்பது வருடங்களாக ஒரு ஷூ கடையில், குட்டி முக்காலியில் உட்கார்ந்து, வருகிறவர்களின் பாதத்தை அளந்துகொண்டிருக்கிறார். பேருந்தில் எதிரே இருந்தவரின் முகம் அவருக்கு நினைவிருக்காது. அவருடைய செருப்பின் குதிகால் எந்தப் பக்கம் தேய்ந்திருந்தது என்பது ஒரு மாதம் கழித்தும் நினைவிருக்கும். கல்யாணத்துக்குக் கேட்டு வந்த ஒருவரைக்கூட அப்படித்தான் வேண்டாமென்றாராம்.

"ஷூவோட பின்பக்கத்தை மிதிச்சு மடக்கிப் போட்டுட்டு வந்தார். தன் ஷூவுக்கே குனியாத மனுஷன், எனக்காகவா குனியப் போறார்?" என்பார்.

அந்த வரன் போனதில் அப்பாவுக்கு இன்னும் வருத்தம். எங்கள் முன்னறையில், தையல் மெஷினுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் கட்டில் போட்டுக்கொண்டிருக்கும் அத்தைக்கு அப்படி ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். விழாக்கள் நடத்தும் நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்தபோது, அது என்ன வேலை என்று வீட்டில் விளக்குவது தனி வேலையாக இருந்தது. "படக்கதை, சினிமா, வீடியோ கேம் பிடிச்சவங்க எல்லாம் ஒரே இடத்துல கூடுவாங்கப்பா. பிடிச்ச ஹீரோ மாதிரி வேஷம் போட்டுட்டு வருவாங்க."

"சின்னப் பசங்களா?"

"பெரியவங்களும்தான்."

அப்பா பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

இந்த வருட ரசிகர் விழாவில் குடும்ப அரங்கு என் பொறுப்பு. குழந்தைகள் முகமூடிக்கு வண்ணம் தீட்ட ஒரு மேசை, அட்டைப்பெட்டிக் கோட்டை, மாலையில் குட்டி வேஷக்காரர்களின் ஊர்வலம். வாசல் பக்கத்தில், கூட்டத்தில் தொலையும் குழந்தைகளுக்காக ஒரு மேசை. அதில் உட்கார வேண்டியவர் காலையில் காய்ச்சல் என்று போன் செய்துவிட்டார். அத்தைக்கு அன்று வார விடுமுறை. கூப்பிட்டேன், வந்துவிட்டார்.

வந்ததும் கண் கீழே போனது. "ஏண்டி, தலைக்கும் றெக்கைக்கும் மூணு மாசம் உழைச்சிருப்பாங்க போல. கால்ல பாரு, எல்லாம் ஆபீஸ் ஷூ!"

"அத்தை, ப்ளீஸ். இன்னிக்கு ஒரு நாள் யார் காலையும் பார்க்காதீங்க. இங்க எல்லாரும் எனக்குத் தெரிஞ்சவங்க."

"சரி, பார்க்கலை" என்று கண்ணை அகலத் திறந்து மேலே பார்த்துக் காட்டினார். எனக்கு உள்ளே குத்தியது. அவர் பிறர் காலைப் பார்த்தால் எனக்கு ஏன் கூச்சம்? அன்றைக்கு அதை யோசிக்க நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பதினொரு மணிக்கு ஒரு தன்னார்வலர் ஐந்து வயதுப் பெண் குழந்தையைக் கூட்டிவந்தார். கையில் பாதி வண்ணம் பூசிய முகமூடி, விரலெல்லாம் பச்சை. நான் பெருமையாகத் தயாரித்திருந்த பன்னிரண்டு கேள்விப் படிவத்தை எடுத்தேன்.

"உன் பேரென்னம்மா?"

"குட்டி."

"அப்பா பேரு?"

"அப்பா."

"அப்பா என்ன டிரஸ் போட்டிருக்கார்?"

"வெள்ளிக்கழுகு" என்று சொல்லும்போதே உதடு பிதுங்கியது.

வெள்ளிக்கழுகு என்ற படக்கதை ஹீரோவின் ரசிகர் மன்றத்திலிருந்து மட்டும் இருபத்துமூன்று பேர் வந்திருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே கவசம், ஒரே இறக்கை, முகத்தை முழுதாக மூடும் ஒரே தலைக்கவசம். வண்ண மேசையில் விசாரித்தால், "ஒரு கழுகுதான் விட்டுட்டு போட்டோ எடுக்கப் போச்சு. எந்தக் கழுகுன்னு எனக்கெப்படித் தெரியும்?" என்றார்கள்.

அப்போதுதான் அந்தத் தப்பைச் செய்தேன். மைக்கில், "வெள்ளிக்கழுகின் உதவிக்காக ஒரு குழந்தை காத்திருக்கிறது" என்று அறிவித்தேன். அழகாகச் சொன்னதாக நினைப்பு வேறு.

கதைப்படி, குழந்தை கூப்பிட்டால் வெள்ளிக்கழுகு வந்தே தீரும். இருபத்துமூன்று பேரும் வந்தார்கள். இறக்கையை விரித்து, நெஞ்சை நிமிர்த்தி, இடுப்பில் கை வைத்து எங்கள் மேசையைச் சுற்றி நின்றார்கள். குழந்தை வீல் என்று கத்திவிட்டு, மேசை விரிப்பைத் தூக்கிக்கொண்டு அடியில் போய்ப் புகுந்துவிட்டது.

"இது உங்கள்ல யாரோட குழந்தை?" என்று கத்தினேன். தலைக்கவசத்துக்குள் முழுக்கப் பஞ்சு. அரங்கில் அவ்வளவு இரைச்சல். ஒருவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். இன்னொருவர் போட்டோவுக்கு நின்றார். முன்னால் நின்றவரிடம் சைகை காட்டி, இரண்டு பேராகத் தலைக்கவசத்தைத் திருகிக் கழற்றினோம். விரிப்பின் ஓரத்தில் எட்டிப் பார்த்த குழந்தை, ஒரு தலை தனியாக வருவதைக் கண்டு இன்னும் பலமாக அலறியது. அவள் தானாக அடையாளம் காட்டாத யாரிடமும் அவளைக் கொடுக்கக் கூடாது. அது நானே எழுதிய விதி. அவள் வெளியே வரவே மாட்டேன் என்கிறாள். கழுகுகளோ உதவி முடிந்தது என்று கலையத் தொடங்கியிருந்தார்கள்.

அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மேசைக்கு அடியில் நுழைந்தார்.

நானும் குனிந்தேன்.

"இங்கருந்து என்ன தெரியுது கண்ணு?" என்று அத்தை கேட்டார்.

"ஷூ" என்றாள் விசும்பலோடு.

"தலை தெரியுதா?"

"இல்ல."

"அப்ப பயமில்ல. அப்பா ஷூ எப்படி இருக்கும்?"

"கறுப்பு. நாடா நான்தான் கட்டுவேன். அவிழாம கட்டுவேன்."

அத்தை முகம் கடையில் சரியான அளவு கிடைக்கும்போது மலருமே, அப்படி மலர்ந்தது. "ஏண்டி, எல்லாரையும் வரிசையா நடக்கச் சொல்லு. மேசை கிட்ட ஒரு நிமிஷம் நின்னு போகணும்."

ஓர் அட்டையில் பெரிதாக எழுதித் தூக்கிப் பிடித்தேன். கழுகுகள் வரிசை கட்டினார்கள். அடியிலிருந்து இரண்டு குரல்கள் கேட்டன.

"இது?"

"இல்ல. பழுப்பு."

"இவர் நாள் பூரா நிக்கிற வேலை பார்க்கிறார் பாவம். இது?"

"நாடாவே இல்லையே!"

"ஆமா, நீ கெட்டிக்காரி. இது புதுசு, கடிக்குது போல, நொண்டுறார். இது?"

பதினேழாவது கழுகுக்குப் பதில் வரவில்லை. விரிப்புக்கு அடியிலிருந்து ஒரு பச்சைக் கை நீண்டு, இடது கால் நாடாவைப் பிடித்துக்கொண்டது. முடிச்சுமேல் முடிச்சாக ஐந்தாறு முடிச்சு, நெல்லிக்காய் அளவுக்கு உருண்டிருந்தது.

கழுகு குனிய முடியாமல் குனிந்தார். பச்சை விரல்களைப் பார்த்தார். அப்படியே மண்டியிட்டார், அவருடைய இறக்கை பக்கத்தில் நின்றவரின் இறக்கையில் மாட்டிக்கொண்டது. தலைக்கவசம் கழன்றபோது உள்ளே ஒரு வியர்த்துச் சிவந்த, கலங்கிய முகம். "பெயிண்ட் பண்ணிட்டு இருக்கான்னு நினைச்சேன். அஞ்சே நிமிஷம்னு..." என்றார்.

"பாப்பா, இது யாரு?" என்று நான் விதிப்படி கேட்டேன்.

"அப்பா" என்றாள், இதுகூடத் தெரியாதா என்பதுபோல்.

படிவத்தில் சட்டை நிறத்துக்கு ஒரு கட்டம் இருந்தது; உயரத்துக்கு, முடிக்கு, கண்ணாடிக்கு எல்லாம் இருந்தன. பன்னிரண்டையும் விட்டுவிட்டு ஓரத்தில் 'நாடா' என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன்.

மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு அவர் அத்தையிடம் வந்தார். "எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

அத்தை என்னைப் பார்த்தார். மேலே, கூரை விளக்கைப் பார்த்தார்.

"நான் யார் காலையும் பார்க்கலைங்க" என்றார். "பாப்பாதான் பார்த்தா."

"அத்தை, பாருங்க. பரவாயில்லை" என்றேன். என் குரல் சின்னதாகத்தான் வந்தது.

அவர் உடனே குனிந்தார். "தம்பி, உங்க ஷூ அரை சைஸ் சின்னது. விரல் வலிக்குமே?"

கழுகு ஆச்சரியத்தோடு தலையாட்டினார். அவருக்குப் பின்னால், வரிசை கலையாமல் நின்றிருந்த மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தங்கள் காலை முன்னால் நீட்டினார்கள்.