இத்தாலியில் கொண்டைக்கடலை

இத்தாலிக்குப் போய் ஐந்து நாள் கொண்டைக்கடலை சாப்பிட்டுவிட்டு வந்தவள் நான். மதியமும் அதுதான், இரவும் அதுதான். நியூ ஜெர்சியில் நாங்கள் இருக்கும் மான்மவுத் ஜங்ஷனில் இதைச் சொன்னால் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். ஆரம்பத்தில் நானே சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். மீதிக் கதையை யாரிடமும் சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் சிரிக்க வைப்பது எனக்கே அருவருப்பாக இருப்பதால் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் பயணம் என்றால் என் கணவர் சொல்லும் இடம்தான். சென்னை, திரும்பவும் சென்னை, மாமனார் மாமியார் வந்தால் நயாகரா. மிச்சமிருந்த விடுமுறையெல்லாம் கலிஃபோர்னியாவின் சான் ரமோனில் அவருடைய கல்லூரி நண்பர் வீட்டுக் கொல்லைப்புறத்தில் கழிந்தது. இருவரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து, முப்பத்தைந்து வருடத்துக்கு முந்திய ஹாஸ்டல் சாம்பாரைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். நானும் நண்பரின் மனைவியும் உள்ளே வெங்காயம் நறுக்குவோம். இத்தாலி ஒன்றுதான் நானாக வாய்விட்டுக் கேட்டது.

கேட்டதற்குக் காரணம் உண்டு. கொரோனா எனக்கு வந்துபோனபோது நாக்கையும் மூக்கையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. பதினான்கு மாதம் எனக்குச் சுவையும் இல்லை, வாசனையும் இல்லை. காபி வெந்நீராகிவிட்டது. நடுவில் கொஞ்ச நாள் எதை முகர்ந்தாலும் ரப்பர் எரிகிற நாற்றம் வேறு. உப்பையும் புளியையும் கரண்டிக் கணக்கில் போட்டுச் சமைத்தேன், பசிக்கு விழுங்கினேன். டாக்டர்கள் எல்லோரும் காத்திருங்கள் என்று சொல்லிவிட்டுக் கைகழுவிவிட்டார்கள்.

ஒருநாள் காலை ரசத்துக்குத் தாளிக்கும்போது பெருங்காய வாசனை வந்தது. முதலில் பிரமை என்று நினைத்தேன். கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டேன், அதுவும் வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு மாடிக்கு ஓடினேன். என் கணவர் காதில் ஹெட்போனுடன் மீட்டிங்கில் இருந்தார். ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். நான் இறங்கி வந்து, ரசத்தை டம்ளரில் ஊற்றி நின்றபடியே மூன்று டம்ளர் குடித்தேன். அழுதுகொண்டே குடித்தேன் என்றால் மிகையில்லை. அன்று இரவு சாப்பாட்டில் அவரிடம் சொன்னபோது, "குட், குட்" என்றார்.

அதற்குப் பிறகு நான் தீனிப்பண்டாரமாகிவிட்டேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வட இத்தாலியில் போ என்ற ஆற்றில் போகும் ஒரு பயணப் படகைப் பற்றிப் படித்தேன். வெனிஸில் ஏறினால் படுவா, ஃபெராரா, பொலோனியா என்று பழைய நகரங்கள், ஊருக்கு ஊர் வேறு பாஸ்தா, வேறு சீஸ். நாங்கள் பிறப்பிலிருந்தே சைவம். ஆனால் அந்த ஊர்களில் பூசணியும் காளானும் தக்காளியும் வைத்தே சைவக்காரர்களைத் திக்குமுக்காட வைப்பார்கள் என்று போட்டிருந்தது. இரண்டு வருடம் அந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்தேன். நண்பரும் அவர் மனைவியும் வந்தால் சரி என்று கணவர் நிபந்தனை போட்டார். வரட்டும், சாப்பாடு என்னுடையதுதானே என்று ஒப்புக்கொண்டேன்.

படிவத்தை அவர்தான் நிரப்பினார். விசாவிலிருந்து கிரீன் கார்டு, சிட்டிசன்ஷிப் வரை என் பெயரில் வந்த எல்லாப் படிவத்தையும் அவர்தான் நிரப்பியிருக்கிறார். நான் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவேன். இந்த முறை கையெழுத்துக்கூட வேண்டியிருக்கவில்லை.

கிளம்புவதற்கு முந்தைய சனிக்கிழமை இந்தியக் கடைகள் நிறைந்த ஐசலினுக்குப் போய் முறுக்கு, பருப்புப் பொடி, உடனடி உப்புமா என்று ஒரு பை நிறைய வாங்கிவந்தார். நான் பெட்டியிலிருந்து எடுத்து வைத்தேன், அவர் திரும்பப் போட்டார். நெவார்க் விமான நிலையத்தில், பெட்டிக்குள் என் புடவைக்கும் ஷூவுக்கும் நடுவில் உப்புமாப் பொட்டலங்களோடு நின்றேன்.

படகு அழகான படகு. என்ன, அது நகரவில்லை. ஆற்றில் தண்ணீர் குறைவு என்று ஒரு கிராமத்துக் கரையில் கட்டிப்போட்டுவிட்டு எங்களைப் பஸ்ஸில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். கையில் சிவப்புக் கொடியுடன் ஒரு வழிகாட்டி முன்னே நடக்க, நாற்பது பேர் பின்னால். என் கணவரின் நண்பர் நல்ல மனிதர், ஆனால் வாய் ஓயாது. வெனிஸில் இறங்கியதும், "என்னடா மச்சான், கூவம் மாதிரி இருக்கு," என்றார். என் கணவருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. அதற்குப் பிறகு எட்டு நாளும் எந்தத் தண்ணீரைப் பார்த்தாலும் இருவரும் அதையே சொல்லிச் சிரித்தார்கள்.

முதல் இரவு மேசையில் உட்கார்ந்தோம். பரிமாறுகிறவர் ஒவ்வொரு மேசையாக நின்று, இன்றைக்கு என்ன, எந்த ஊர்ச் சீஸ், எப்படிச் செய்தது என்று கதைபோல விவரித்துக்கொண்டே வந்தார். எங்கள் மேசைக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தி, நண்பரின் காதருகில் குனிந்து இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விட்டார். நிறம் பார்க்கிறார்கள் போல என்று நினைத்து எனக்குச் சுருக்கென்றது. பிறகு தட்டுகள் வந்தன. நண்பரும் அவர் மனைவியும் கத்தோலிக்கர்கள், எல்லாம் சாப்பிடுவார்கள், அவர்களுக்கு மீன். எங்கள் இருவருக்கும் மஞ்சள் குழம்பில் மிதக்கும் கொண்டைக்கடலை. குழைந்த சாதம். அதன் தலையில் உலர்ந்த திராட்சை.

"பரவால்லயே, நமக்குன்னு ஸ்பெஷலா பண்ணிருக்காங்க," என்று கணவர் கரண்டியை எடுத்தார்.

"நம்ம என்ன இதுக்கா வந்தோம்? இங்கத்து சாப்பாடு வேணும்னு கேளுங்க."

"ஏசியன் வெஜிடேரியன் மீல் போட்ருந்தேன். அதான். ஃப்ளைட்ல போடுவோம்ல, அதே மாதிரி."

ஃப்ளைட்டில் எங்கள் ஆட்கள் எல்லோரும் போடுவதுதான் அது. மாட்டுக்கறி பயம் இல்லை, மற்றவர்களுக்கு முன்னால் தட்டு வந்துவிடும். எட்டு மணி நேரத்துக்கு அது சரி. எட்டு நாள் சாப்பிடவென்றே போன படகில் அதைப் போடுவதற்கு என் கணவரைப் போன்ற ஒருவர்தான் வேண்டும். மாற்றச் சொன்னேன். "பண்ணி வச்சதை ரிட்டர்ன் பண்ணா அசிங்கம். நாளைக்குப் பாக்கலாம்," என்றார். மறுநாளும் அதையே சொன்னார்.

நானே கேட்டிருக்கலாம் என்று நினைப்பீர்கள். மூன்றாம் நாள் பரிமாறுகிறவரிடம் கேட்டேன். அவர் என்னை ஒரு பரிதாபத்தோடு பார்த்து, தலையாட்டி, மறுபடியும் கொண்டைக்கடலையைக் கொண்டுவந்து வைத்தார். அதில் இரண்டு திராட்சை கூடுதலாக இருந்தது.

பொலோனியாவில் சந்தைத் தெருவைச் சுற்றிக் காட்டி, ஒரு பழைய உணவகத்தில் மதியச் சாப்பாடு ஏற்பாடு செய்திருந்தார்கள். ஒரு பெண்மணி எங்கள் எதிரிலேயே மாவைத் தேய்த்து, சுருட்டி, ரிப்பன் ரிப்பனாக வெட்டினார். இனி தப்பித்தோம் என்றிருந்தேன். எல்லோருக்கும் தட்டு வந்தது. எங்கள் இருவருக்கு மட்டும், படகிலிருந்தே பஸ்ஸில் எங்கள் கூடவே பயணம் செய்து வந்த அலுமினியப் பெட்டிகள் வந்தன. மூடியைத் திறக்காமலே எனக்குத் தெரிந்தது. அதைத் தூக்கி அந்தச் செங்கல் சுவரில் எறிய வேண்டும் என்று கை துடித்தது. கணவர் பையிலிருந்து பருப்புப் பொடியை எடுத்துத் தூவிக்கொண்டார்.

படுவாவில் நண்பரின் மனைவி புனித அந்தோணியார் கல்லறையைத் தொட்டு வேண்டிக்கொள்ள வரிசையில் நின்றார். எங்களுக்கு அரை மணி நேரம் இருந்தது. எதிரே ஒரு ரொட்டிக் கடை, அதிலிருந்து ரோஸ்மேரி வாசனை கோவில் வாசல் வரை வந்தது. வாங்க, போயிட்டு வரலாம் என்று கணவரிடம் சொன்னேன். பஸ் போய்விடும் என்றார். பஸ் முக்கால் மணி நேரம் கழித்துத்தான் கிளம்பியது. அந்த முக்கால் மணியும் அவர் போனில் இந்தியக் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். முப்பது வருடத்தில் ஒரு மனிதரை அத்தனை வெறுப்போடு நான் பார்த்ததில்லை.

ஐந்தாம் நாள் ஃபெராரா. கோட்டையையும் அகழியையும் பார்த்துவிட்டு, கூவம் ஜோக்கையும் கேட்டுவிட்டு, படகுக்குத் திரும்பினோம். அன்றைய இரவுச் சாப்பாட்டில் அந்த ஊரின் பண்டம். பூசணிக்காயை மசித்து உள்ளே வைத்து மடித்த பாஸ்தா, மேலே உருக்கிய வெண்ணெயில் பொரித்த இலை. நான் இரண்டு வருடம் திறந்து திறந்து பார்த்த பக்கத்தில் இருந்த அதே படம். சைவம்தான். சுத்த சைவம். அது நண்பரின் மனைவி முன்னால் போய் உட்கார்ந்தது. வெண்ணெய் வாசனை என் முகத்தில் அடித்தது. என் முன்னால் கொண்டைக்கடலை வந்து இறங்கியது.

எழுந்து நேராக வாசலருகே நின்ற உணவக மேலாளரிடம் போனேன். நடுவயது இத்தாலியப் பெண். நானும் சைவம்தான், எனக்கும் அந்தப் பாஸ்தா வேண்டும், இன்றைக்கு அது இல்லாமல் உட்கார மாட்டேன் என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

அந்தப் பெண் திகைத்துப்போய், உங்களுக்கு அதில் என்ன தெரியும் என்று கேட்டார். எனக்குச் சுரீரென்றது. என்ன அர்த்தத்தில் கேட்கிறீர்கள் என்றேன். அவர் மேசையில் இருந்த கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். என் கணவர் நிரப்பிய படிவம். இருவருக்கும் ஆசிய சைவ உணவு என்று குறித்திருந்தது. கீழே, நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு ஏதாவது உண்டா என்ற கட்டத்தில், அவருடைய சுத்தமான ஆங்கிலத்தில், என் மனைவிக்கு நோயால் சுவையும் வாசனையும் போய்விட்டது, அவளுக்கு எது கொடுத்தாலும் ஒன்றுதான், தனியாகச் சிரமப்பட வேண்டாம் என்று எழுதியிருந்தார்.

அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டார். என் மனம் நோகக்கூடாதே என்று, எங்கள் மேசையில் மட்டும் உணவைப் பற்றி உரக்கப் பேசவேண்டாம் எனப் பரிமாறுகிறவர்களிடம் சொல்லிவைத்திருந்தாராம். படிவம் பழையது, இப்போது எல்லாம் தெரிகிறது என்று மட்டும் சொன்னேன். உடனே உள்ளே ஓடி, அவரே ஒரு தட்டை ஏந்திவந்து என்னுடன் மேசை வரை நடந்தார்.

"என்ன, மாத்திட்டியா?" என்றார் கணவர்.

"எனக்கு டேஸ்ட் தெரியாதுன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க."

"ஆமா. ஏன், தெரியுமா?" அவர் முகத்தில் கள்ளமே இல்லை. "வந்துடுச்சா? எப்போ?"

நண்பரின் மனைவி முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "என்னண்ணா இப்படிக் கேக்கறீங்க? ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. அன்னிக்குக் காலைல அக்கா எனக்கு போன் பண்ணி அழுதாங்களே. உங்ககிட்ட சொல்லலையா?" என்றார்.

"சொன்னேன்," என்றேன்.

நண்பர் தன் தட்டைப் பார்த்தார். என் கணவர் என்னைப் பார்த்து, உண்மையிலேயே குழம்பிப்போய், தன் பக்கத்து நியாயத்தைச் சொன்னார்.

"எனக்கு எப்படி மா தெரியும்? அப்பவும் இப்பவும் உன் சமையல் ஒரே மாதிரிதானே இருந்துச்சு."

பதினான்கு மாதம் நான் கண்ணைக் கட்டிவிட்டதுபோலச் சமைத்தேன். உப்பை இரண்டு முறை போட்ட நாள் உண்டு. போடவே மறந்த நாள் உண்டு. ஊசிப்போன சாம்பாரைச் சூடுபண்ணி வைத்து, மறுநாள் அதில் நுரையைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. ஒரு நாள்கூட அவர் முகம் சுளிக்கவில்லை, தட்டைத் தள்ளவில்லை. எனக்காகப் பொறுத்துக்கொண்டு சாப்பிடுகிறார், இப்படி ஒரு மனிதர் யாருக்குக் கிடைப்பார் என்று, அந்தப் பதினான்கு மாதமும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நன்றியில் அழுதிருக்கிறேன்.