செல்வம் கெடுத்த ஷாட்கள்

போன ஞாயிற்றுக்கிழமை ஜவளகிரி போய் வந்தேன். காட்டைப் பார்க்க அல்ல, ஒரு ஹார்ட் டிஸ்கைப் பார்க்க.

சில வருடங்களுக்கு முன் ஓசூர்த் தொழிற்சாலைகளைப் பற்றி டிவிக்காக ஓர் ஆவணத் தொடர், நாற்பது நாள் படப்பிடிப்பு. மானிட்டரில் படத்தைக் கவனிப்பதும், எடுத்ததையெல்லாம் காப்பி போட்டுப் பிரித்து அனுப்புவதும் என் வேலை. டிவிக்கு ஒரு பிரதி, ஆபீசுக்கு ஒன்று, மூன்றாவது, தீயோ வெள்ளமோ வந்தாலும் ஒன்றாவது தப்பட்டும் என்று, யூனிட்டில் யார் வீடு ரொம்பத் தூரமோ அவரிடம். இது எங்கள் வழக்கம். தூரத்து வீட்டுக்காரர், சவுண்டு பார்த்த செல்வம். அவர் இறந்து இரண்டு வருடமாகிறது. போன மாதம் அவர் மனைவி ரத்னம்மா போன் செய்தார்.

"அவரு பேசறாப்பல ஏதாச்சும் இருக்குங்களாண்ணா? போட்டோதான் இருக்குது, கொரலு இல்ல."

மைக் பிடிக்கிறவர் படத்தில் எங்கே வருவார்? தப்பித் தவறி வந்துவிட்டால் அந்த ஷாட் வீண், 'என்.ஜி.', அதாவது 'நோ குட்', என்ற ஃபோல்டரில் போட்டுவிடுவேன். இடம் போதவில்லை என்று முதல் இரண்டு பிரதிகளிலும் அந்த ஃபோல்டரை அழித்த புண்ணியவான் நானேதான். மிச்சம் செல்வம் வீட்டு டிஸ்க். கூரியரை நம்பப் பயம், லேப்டாப்போடு கிளம்பிவிட்டேன்.

ஓசூரில் காலை 8.10 பஸ். தளி 25 கி.மீ., ஒரு மணி நேரம், 22 ரூபாய். படப்பிடிப்பின்போது ஷிப்ட் சைரனைப் பதிவு செய்ய விடியற்காலையிலேயே எழுப்பி உயிரை வாங்குவார் செல்வம். அந்த நாற்பது நாளுக்காக இப்போது ஏங்குகிறேன். தளியிலிருந்து ஆட்டோ, 300 ரூபாய்.

"நாலு மணிக்குள்ள கெளம்பிரலாம் சார், ஆனை எறங்கிரும்," என்றார் டிரைவர்.

ரத்னம்மா பீரோவைத் திறந்தார், டிஸ்க் நகைப் பெட்டியோடு இருந்தது. "ஆபீஸ் சாமான், யாரும் தொடக்கூடாதுன்னாரு. தொடலண்ணா." லேப்டாப்பில் செருகினேன். அசைவே இல்லை. கேபிளை மாற்றியதும் சுற்றியது, அப்பாடா!

முப்பத்தேழு ஷாட்கள். முழங்கை, மைக், பாதி முதுகு. கடைசியில் முழு முகம். பின்னால் என் கத்தல்: "யோவ் செல்வம், ஃபிரேம்ல நிக்கிறய்யா, தள்ளு!" அவர் சிரிக்கிறார்: "சாரிண்ணே, சாரி. ஒன்மோர் போலாம்."

வெட்கமாகப் போய்விட்டது. "மன்னிச்சிரும்மா, கத்தியிருக்கேன்," என்றேன்.

ரத்னம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீங்க கத்தலன்னா அவரு பேசியிருக்கவே மாட்டாரேண்ணா. இன்னொருக்கா போடுங்க."

மூன்று மணி வரை போட்டோம். அவர் போனிலும் ஏற்றிக் கொடுத்தேன்.

ஜவளகிரி போகிறவர்கள் திரும்ப ஆட்டோவை முதலிலேயே பேசிவிடுங்கள். பழைய டிஸ்க் என்றால் இரண்டு கேபிள் கொண்டு போங்கள். படம் எடுக்கிறவர்களே, இடம் போதவில்லை என்றால் நல்ல ஷாட்டில் கை வையுங்கள். அதைத்தான் ஊரே டிவியில் பார்த்துவிட்டதே.