காத்திருப்போர் பட்டியலில் முதல் எண்

என் நண்பனுக்குக் கிடைத்த எம்.ஏ. இடத்தை நான் பொய் சொல்லிக் கெடுத்தேன். தெரியாமல் செய்ததல்ல. பட்டியலில் அவன் எண்ணைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் செய்தேன். எனக்கு எண்பது கடந்துவிட்டது. இனி இதைச் சுற்றி வளைத்துச் சொல்லி யாரிடம் நல்ல பெயர் வாங்கப் போகிறேன்?

அறுபத்திரண்டில் நாங்கள் இருவரும் கடலூரில் பி.ஏ. முடித்தோம். என் வீடு திருப்பாதிரிப்புலியூரில்; அப்பா கோர்ட்டில் குமாஸ்தா. அவன் வீடு மேல்பட்டாம்பாக்கத்தில். அவனுக்குத் தகப்பனார் இல்லை; தாயாரும் இரண்டு தங்கைகளும்தான். தாய்மாமா பினாங்கில் கடை வைத்திருந்தார். அவர் அனுப்புவதில்தான் குடும்பம் நடந்தது. அந்த மாமா ஒரு கெடு வைத்திருந்தார். சிதம்பரத்தில் அரசியல் விஞ்ஞானம் எம்.ஏ.வுக்கு அந்த வருடம் இடம் கிடைத்தால் படிக்கலாம். கிடைக்காவிட்டால் நாகப்பட்டினத்தில் கப்பலேறிக் கடைக்கு வந்துவிட வேண்டும். அவனுக்குக் கடை பிடிக்காது. "மச்சான், எனக்கு அரிசியில எத்தன வகைன்னுகூடத் தெரியாது. மாமா கடைய ஒரு வருஷத்துல மூடிப்புடுவேன்" என்பான்.

எனக்கு அவன்மேல் பொறாமை. அது எப்போது தொடங்கியது என்று சொல்ல முடியவில்லை. நான் வரி வரியாக மனப்பாடம் செய்து எழுதுவேன். அவன் என் நோட்டை ஒரு சாயங்காலம் வாங்கிப் புரட்டிவிட்டு, இறையாண்மை பற்றிய கேள்விக்குத் தன் ஊர்ப் பஞ்சாயத்தில் நடந்த சண்டையிலிருந்து ஆரம்பித்து எழுதுவான். மதிப்பெண் அவனுக்குத்தான் கூட வரும். முழுக்கைச் சட்டையை அவன் மடித்துவிடும் விதம்கூட எனக்கு எரிச்சலாக இருந்தது. வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று அதே மாதிரி மடித்துப் பார்த்தேன். என் கையில் அது நிற்காமல் அவிழ்ந்து விழுந்தது.

பி.ஏ. முடிவு வந்த அன்று அப்பா சொன்னார்: "ஒன் நோட்ட வாங்கிப் படிச்சவன் ஒன்னவிட ஜாஸ்தி வாங்கியிருக்கான். அப்ப நோட்டுல கோளாறு இல்ல, தெரியுதா?" அம்மா சிரித்துவிட்டாள். நான் சாப்பிடாமல் எழுந்துபோனேன்.

எம்.ஏ. விண்ணப்பத்தை இருவரும் ஒன்றாகப் போய்க் கொடுத்தோம். அவனுக்கு முப்பத்தேழாம் எண், எனக்கு முப்பத்தெட்டு. முடிவு அறிவிப்புப் பலகையில் மட்டுமே ஒட்டப்படும், தனியாகக் கடிதம் வராது என்று விண்ணப்பப் பாரத்தின் அடியில் அச்சடித்திருந்தது. எப்போது ஒட்டுவார்கள் என்று இல்லை. ஜூன் கடைசியில் என்று மட்டும் அலுவலகக் குமாஸ்தா சொல்லியிருந்தார். தினமும் இரண்டு பேரும் ரயிலேறிப் போய் வெறும் பலகையைப் பார்த்துத் திரும்புவானேன் என்று முறை வைத்துக்கொண்டோம். ஒருநாள் நான், ஒருநாள் அவன்.

அவன் மேல்பட்டாம்பாக்கத்தில் ஏறும் பாசஞ்சர் வண்டி திருப்பாதிரிப்புலியூரில் இரண்டு நிமிடம் நிற்கும். முந்தின நாள் போய்ப் பார்த்த நான், அவன் முறையன்று காலையில் பிளாட்பாரத்தில் நிற்பேன். அவன் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டுவான். "இல்ல" என்பேன். "சரி, நான் போய்ப் பலகைக்கு ஒரு சலாம் போட்டுட்டு வரேன்" என்பான். அவன் பார்த்துவிட்டுத் திரும்பும் நாளில் அதே சன்னலிலிருந்து இரண்டு கையையும் விரித்துக் காட்டுவான். இப்படி ஒன்பது நாள் போயிற்று.

பத்தாம் நாள், திங்கட்கிழமை, என் முறை. பலகையில் பட்டியல் இருந்தது. தேர்வானவர்கள் பன்னிரண்டு பேர். அதில் முப்பத்தேழு இருந்தது. முப்பத்தெட்டு இல்லை. கீழே கோடு போட்டுக் காத்திருப்போர் பட்டியல் என்று நான்கு எண்கள். முதல் எண் என்னுடையது. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் சேராதவர்களின் இடம் வரிசைப்படி அடுத்தவர்களுக்குப் போகும் என்று எழுதியிருந்தது.

ஒரே ஒருவர் வராவிட்டால் போதும். அந்த ஒருவர் யார் என்று நான் யோசிக்கவே இல்லை. யோசனைக்கு முன்பே அவன் முகம் வந்துவிட்டது. திரும்பும் ரயிலில், பரங்கிப்பேட்டை தாண்டும்போதே என்ன சொல்வது என்று வார்த்தை வார்த்தையாகத் தயாராக இருந்தேன். பரீட்சைக்கு மனப்பாடம் செய்த மாதிரி.

மறுநாள் காலை வண்டி வந்து நின்றது. அவன் தலையை நீட்டினான்.

"எறங்கு மச்சான்" என்றேன். "போயி பிரயோசனம் இல்ல. அடுத்த திங்கக்கெழமதான் போடுவாங்களாம். குமாஸ்தாவே சொல்லிட்டாரு."

"அட, சிதம்பரத்துக்கு டிக்கெட் எடுத்துட்டேனே!"

"எறங்குடா, வண்டி எடுக்கப் போறான்."

இறங்கிவிட்டான். அவனை அவன் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டிய வண்டி எங்கள் இருவருக்கும் முன்னால் கிளம்பிப் போயிற்று. அவன் டிக்கெட்டை எடுத்து ஸ்டேஷன் மாஸ்டர் பார்ப்பதுபோல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சிரித்தான். பிறகு டீ வாங்கிக் கொடுத்தான். குடித்தேன்.

அடுத்த திங்கட்கிழமை இருவரும் சேர்ந்தே போனோம். வண்டியில் அவன்தான் பேசிக்கொண்டு வந்தான். பலகையில் இப்போது இரண்டு தாள்கள் இருந்தன. அவன் முதல் தாளில் தன் எண்ணைக் கண்டதும் என் தோளைப் பிடித்து உலுக்கினான். பிறகு தேதியைப் படித்தான். பிறகு இரண்டாவது தாளைப் படித்தான். அதில் காத்திருந்தோரிலிருந்து எடுக்கப்பட்டவர்கள் என்று இரண்டு எண்கள் இருந்தன. ஒன்று என்னுடையது.

அவன் நேராக அலுவலகத்துக்குள் போனான். குமாஸ்தா கழுத்தில் துண்டு சுற்றிக்கொண்டு ரிஜிஸ்தரில் எழுதிக்கொண்டிருந்தார். அப்பாவின் வயது இருக்கும்.

"என்னா சார் இது? இன்னிக்குத்தான் போடுவோம்னு சொல்லிட்டு, போன வாரமே ஒட்டி முடிச்சுட்டீங்க?"

"யாருப்பா சொன்னா?"

"நீங்கதான். இவன்கிட்ட சொல்லியிருக்கீங்க."

அவர் என்னைப் பார்த்தார். "தம்பி, நானா சொன்னேன்?"

"ஆமா சார், நீங்கதான் சொன்னீங்க" என்றேன்.

நண்பன் கத்தினான். ஒரு ஏழையின் வாழ்க்கையோடு விளையாடுகிறீர்கள் என்றெல்லாம் கத்தினான். அவர் பதிலுக்குக் கத்தவில்லை. "நான் சொல்லலப்பா. ஆனா இப்ப ஒண்ணும் பண்ண முடியாது. ரெண்டு பேரு வரல, நீயும் ஒரு மெட்ராஸ் பையனும். ரெண்டு எடத்தையும் அடுத்தவுங்களுக்குக் குடுத்தாச்சு" என்றார்.

அந்த மெட்ராஸ் பையன் வராததாலேயே எனக்கு இடம் வந்திருக்கும். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இருவரும் சேர்ந்தே படித்திருப்போம். இது அங்கே நின்றபோதே எனக்குப் புரிந்துவிட்டது.

வெளியே வந்ததும் அவன் எனக்காக அவனே ஒரு காரணம் கண்டுபிடித்தான். "நீ பாத்துட்டுப் போனதுக்கு அப்புறம் சாயங்காலமா ஒட்டியிருப்பானுங்க. அந்த ஆளு மறைக்கிறாரு. சரி, நீ போயிச் சேரு மச்சான். ஒருத்தனுக்காச்சும் கெடச்சுதே." நான் போய்ச் சேர்ந்தேன்.

செப்டம்பரில் அவன் கப்பலேறினான். பினாங்கிலிருந்து இரண்டு கடிதம் எழுதினான். வெங்காய மூட்டைகளைப் பற்றியும், மூன்று பாஷையில் பேரம் பேசத் தெரிந்த மாமாவைப் பற்றியும் ஒரு பக்கம்; அதற்குக் கீழே, "அங்க இப்ப என்னா பாடம் நடக்குது? எனக்கும் எழுது." நான் பதில் போடவில்லை. குற்ற உணர்ச்சி என்று சொன்னால் பாதி உண்மை. அந்தக் கடிதங்களிலும் அவன் என்னைவிட நன்றாக எழுதியிருந்தான்.

ஜனவரியில் ஒரு நாள் ஏதோ கையெழுத்துக்காக அந்தக் குமாஸ்தாவிடம் போனேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "ஒன் கூட்டாளி என்னா ஆனான்?" என்று கேட்டார். குற்றம் சாட்டும் குரலில் இல்லை, உண்மையாகவே விசாரித்தார். எனக்கு அது தாங்கவில்லை. நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் பேனாவை மூடினார். "அன்னிக்கு எல்லார் முன்னாடியும் என்னய பொய்யன் ஆக்கிட்டுப் போனீங்க. சரி, போவட்டும். எங்கிட்டச் சொல்லி என்னா ஆவப்போவுது? அந்தப் புள்ளைக்கு எழுது. மார்க்கு அதே மார்க்குதான், இந்த வருஷமும் போடலாம்." அலமாரியிலிருந்து ஒரு புதுப் பாரத்தை எடுத்துக் கொடுத்தார். கெடு எப்போது, சான்றிதழ் நகல்கள் எத்தனை, வெளிநாட்டிலிருந்து போட்டால் எந்த முகவரிக்கு என்பதையெல்லாம் ஒரு துண்டுத் தாளில் எழுதினார்.

நான் அன்றே நான்கு பக்கம் எழுதினேன். ரயிலிலிருந்து இறக்கியதை எழுதினேன்; குமாஸ்தா ஒரு பாவமும் அறியாதவர் என்று எழுதினேன்; மாமாவிடம் வேண்டுமானால் நானே எழுதி மன்னிப்புக் கேட்கிறேன் என்று எழுதினேன். பாரத்தையும் துண்டுத் தாளையும் வைத்து விமானத் தபாலில் அனுப்பினேன். பதில் இல்லை. மார்ச், ஏப்ரல், மே. வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் தபால்காரன் வரும் நேரத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மே கடைசியில் குமாஸ்தா என்னைத் தாழ்வாரத்தில் நிறுத்தி, "பாரம் வந்துடுச்சு. பதினஞ்சாம் நம்பரு" என்றார். அவன் எனக்கு ஒரு வரி எழுதாமல் நேராக அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தான்.

ஜூன் கடைசியில் தினமும் பலகைக்குப் போனேன். ஒருநாள் மத்தியானம் போனபோது பட்டியல் இருந்தது. இந்தமுறை தகுதி வரிசையில் போட்டிருந்தார்கள். அவன் எண் முதலில் இருந்தது.

இதையும் சொல்லிவிட வேண்டும். அதைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி அல்ல. ஒரு வருடம் கடையில் வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தவன் முதலிடமா என்றுதான் வயிறு எரிந்தது. அதே பழைய எரிச்சல், கொஞ்சமும் குறையாமல். நிம்மதி அதற்குப் பிறகுதான் வந்தது, மிகவும் மெதுவாக.

கிடைத்த முதல் வண்டியில் மேல்பட்டாம்பாக்கம் போனேன். அவன் ஊரில் இல்லாவிட்டாலும் தாயாரிடம் சொல்லிவிடலாம், கெடுவுக்குள் தந்தி கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். கதவைத் திறந்தது அவனே. கறுத்திருந்தான், இளைத்திருந்தான்.

"லிஸ்ட் போட்டுட்டாங்க" என்றேன். "நீதான் மொத எடம். வெள்ளிக்கெழம மூணு மணிக்குள்ள சேரணும்."

"தெரியும்" என்றான். "காலையில நானே போயிப் பாத்துட்டு வந்துட்டேன்."

என்னைத் தாண்டித்தான் அந்த வண்டி போயிருக்க வேண்டும். திருப்பாதிரிப்புலியூரில் இரண்டு நிமிடம் நின்றிருக்கும்.

உள்ளேயிருந்து அவன் தாயார் என் குரலைக் கேட்டு வெளியே வந்தார். "வாப்பா, வா! போன வருஷம் தவறினது இந்த வருஷம் அல்லா குடுத்துட்டான் பாரு. மாமாவும் இன்னொரு தடவ பாத்துக்கன்னு கப்பலேத்தி அனுப்பிட்டாரு. ஒரு வருஷமா எங்கப்பா போயிருந்த, இந்தப் பக்கமே காணோம்? டீ குடிக்காமப் போவக்கூடாது." அவன் அவரிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. நான் டீயைக் குடித்து முடிக்கும்வரை அவன் வாசற்படியில் சாய்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றான். "அங்க இவனுக்கு யாரையும் தெரியாது. நீதாம்ப்பா கூட இருந்து பாத்துக்கணும்" என்றார் தாயார்.

"ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டு வாடா" என்று அவனிடமும் சொன்னார். தாயார் சொன்னதற்காக வந்தான். வழியெல்லாம் எனக்கு நாலடி முன்னால் நடந்தான். வண்டி தூரத்தில் தெரிந்ததும் திரும்பி வீட்டைப் பார்த்து நடந்தான். அடுத்த ஓராண்டு, அவன் முதல் வருடமும் நான் இரண்டாம் வருடமுமாக, நாங்கள் ஒரே கட்டிடத்தில் படித்தோம்.