எந்தப் பெண்கள்?

கொடிக்கம்பியைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். ஈரத்துணியை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இழுத்துப்போய், விரித்துப் பார்த்து, அதில் விழுந்த கறுப்புக் கோட்டை எதிரே நிற்கும் புகைபோக்கிக்கு நேராகத் தூக்கிக் காட்டுகிறாள். "பாரு, நல்லாப் பாரு. இதுதான் உன் லட்சணம்." புகைபோக்கி எப்போது பதில் சொல்லியிருக்கிறது? துணியை வாளியில் ஓங்கிப் போட்டுவிட்டு, ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை உதறி உதறிக் காயப்போட ஆரம்பிக்கிறாள். அந்த உதறலில் யாரையோ அறைகிற வேகம் இருக்கும்.

அனல்மின் நிலையத்தின் மதிலை ஒட்டிய தெருவில் இருக்கிறது அவளுடைய சலவைக் கடை. காற்று அந்தப் பக்கமிருந்து திரும்பினால் போதும், வெள்ளை விரிப்பெல்லாம் மாலைக்குள் சாம்பல் பூத்துவிடும். மறுபடி ஊறவைத்து, மறுபடி அலசி, மறுபடி காயப்போட வேண்டும். அந்தச் சாம்பல் வருகிற இடத்தில்தான் அவள் கணவனுக்கு வேலை. நிலக்கரி போகும் பெல்ட்டைக் கவனித்துக்கொள்கிறான். "அவரு அங்க கரியைக் கொட்டுவாரு, நான் இங்க அதைத் துவைப்பேன். ஒரே குடும்பத்துல ரெண்டு ஷிப்டு" என்பாள். கேட்டுச் சிரிக்கிறவர்களை அவளுக்குப் பிடிக்காது. சிரிப்பதற்காக அவள் அதைச் சொல்லவில்லை.

புதன்கிழமைகளில் கடைக்கு அரை நாள் விடுமுறை. இஸ்திரி போட்ட சேலை, காலில் செருப்புக்குப் பதில் ஷூ. பஸ் பிடித்து நாடாளுமன்றத்துக்குப் போய்விடுவாள். எரிசக்தியும் காலநிலையும் பற்றிய குழு அன்றைக்குத்தான் கூடும். அமைச்சர்களையும் செயலாளர்களையும் உட்காரவைத்துக் கேள்வி கேட்கிற குழு. யார் வேண்டுமானாலும் மேல் மாடத்தில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தை நம்பி வருகிறவர்களில் அனேகமாக இவள் மட்டும்தான் நிரந்தரம். வாசல் காவலர்கள் இவளைப் 'புதன்கிழமை அக்கா' என்றே கூப்பிடுகிறார்கள். "வாங்கக்கா. இன்னைக்கு யாரை முறைக்கப் போறீங்க?" என்று கேட்டுக்கொண்டே குடையை வாங்கி வைப்பார்கள்.

மாடத்தில் பேசக் கூடாது, கை தட்டக் கூடாது, எழுந்து நிற்கக் கூடாது. முறைக்கக் கூடாது என்று எங்கும் எழுதியில்லை. முன்வரிசையில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து முறைப்பாள். கீழே இருக்கிற உறுப்பினர்களுக்கெல்லாம் பெயர் வைத்திருக்கிறாள். தன் முறை வந்ததும் தண்ணீர் குடிக்க ஆரம்பிப்பவர் 'பாட்டில்'. எதற்கும் தலையை ஆட்டுகிறவர் 'சரிதான்'. அவளுடைய சொந்தத் தொகுதிக்காரர், அவள் வரிசையில் நின்று ஓட்டுப் போட்ட ஆள், 'நன்றி ஐயா'. தனக்குக் கிடைக்கும் நேரம் முழுவதும் அமைச்சருக்கு நன்றி சொல்லியே தீர்த்துவிடுவார். குழுவின் தலைவியாக இருக்கும் குட்டைமுடி அம்மாள் ஒருத்தியிடம்தான் அவளுக்கு மரியாதை. "அந்தம்மா கேக்கறப்ப மட்டும்தாங்க, கேள்வி கேள்வியா இருக்கும்."

அவளுக்கு அங்கே என்ன வேலை என்றால், ஒரு தேதிக்காகப் போகிறாள். சில வருடங்களுக்கு முன், காலநிலைக் கொள்கை என்று பெரிய அறிவிப்பு வந்தது. இந்த அனல்மின் நிலையத்தை மூடுவோம், தொழிலாளிகளுக்குச் சூரிய மின்சாரத்தில் பயிற்சி கொடுத்து வேறு வேலை தருவோம் என்று அமைச்சர் சொன்னார். கணவன் பயிற்சிக்கென்று மூக்குக்கண்ணாடி மாற்றிக்கொண்டு வந்தான். பயிற்சி வரவில்லை. மூடும் நாள் 'அடுத்த ஆண்டு' ஆனது, 'படிப்படியாக' ஆனது, கடைசியில் 'உரிய காலத்தில்' என்று ஆகிவிட்டது. எப்படியும் மூடப்போகிற இடம்தானே என்று புகைபோக்கியின் வடிகட்டியையும் மாற்றவில்லை, கிழிந்த பெல்ட்டையும் மாற்றவில்லை. "மூடவும் மாட்டேங்கறான், ஒழுங்கா நடத்தவும் மாட்டேங்கறான். கல்யாணத்தை இப்படித் தள்ளிப்போட்டா பொண்ணு வீட்டுக்காரன் சட்டையைப் புடிக்க மாட்டானா?"

போன மழைக்காலத்துக்கு முன் ஒரு புதன்கிழமை அமைச்சரே நேரில் வந்தார். குட்டைமுடி அம்மாள் சுற்றி வளைக்கவில்லை. "எப்போது மூடுவீர்கள்? எனக்கு ஒரு தேதி வேண்டும்" என்றார்.

"காலநிலை இலக்குகளில் இந்த அரசு உறுதியாக இருக்கிறது" என்றார் அமைச்சர்.

"உறுதியைக் கேட்கவில்லை. தேதியைக் கேட்டேன்."

அமைச்சர் சட்டைக் கையைச் சரிசெய்துகொண்டார். குரலைத் தாழ்த்தி, துக்க வீட்டில் பேசுகிறவர் மாதிரி பேசினார். "இதில் மனிதாபிமானமும் இருக்கிறது, தலைவி அவர்களே. அந்த நிலையத்தை மூட வேண்டாமென்று கண்ணீரோடு கேட்டுக்கொள்பவர்கள் அங்கேயே வாழும் பெண்கள். தொழிலாளர்களின் மனைவிமார். அவர்களை நானே நேரில் சந்தித்தேன்."

மாடத்திலிருந்த அவள் தெருவை நினைத்துப் பார்த்தாள். தையல் கடைக்காரி, பெல்ட்டில் விரலை இழந்தவனுடைய மனைவி, இருமல் நிற்காத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைகிற பக்கத்து வீட்டுக்காரி. இவர்களில் யார் அழுதது? எப்போது அழுதது? யோசித்து முடிப்பதற்குள் எழுந்து நின்றுவிட்டாள்.

"எந்தப் பொண்ணுங்க?"

கூடத்தில் எல்லாத் தலைகளும் மேலே திரும்பின. 'பாட்டில்' கையில் பாட்டிலோடு அப்படியே நின்றார்.

"பேரு சொல்லுங்க. நான் அந்தத் தெருவுலதான் இருக்கேன். என் புருஷன் அங்கதான் வேலை பாக்கறாரு. நீங்க எங்க தெருவுக்கு வந்ததே இல்ல. எந்தப் பொண்ணு உங்ககிட்ட அழுதா?"

"மாடத்தில் இருப்பவர் உட்காருங்கள்" என்றார் தலைவி.

"உக்கார்றேங்க. அவரு பதில் சொல்லட்டும், உக்கார்றேன்."

காவலர் அதற்குள் அவளருகே வந்து முழங்கையைத் தொட்டார். தலைவி ஒரு நொடி மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அமைச்சர் பக்கம் திரும்பி, தன் சொந்தக் கேள்வியைப் போலவே கேட்டார். "அமைச்சர் அவர்களே, எந்தப் பெண்கள்?"

அமைச்சர் பின்னால் உட்கார்ந்திருந்த செயலாளரைப் பார்த்தார். செயலாளர் மேசையைப் பார்த்தார். பதில் என்ன வந்தது என்று அவளுக்குத் தெரியாது. அதற்குள் கதவுக்கு வெளியே இருந்தாள்.

"ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க? இந்தக் கூட்டத்தொடர் முடியறவரைக்கும் உங்களை உள்ள விட முடியாதே" என்று குடையை நீட்டினார் காவலர்.

"நீங்க உங்க வேலையைப் பாத்தீங்க. நான் உங்களைக் குத்தம் சொல்லல" என்றாள். குடையை வாங்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

மறுநாள் கணவனை மேலாளர் கூப்பிட்டு, வீட்டுக்காரியைக் கொஞ்சம் அடக்கி வைக்கச் சொல்லியனுப்பினார். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு கடைக்கே வந்துவிட்டான்.

"உனக்கு எதுக்கு இந்த வம்பு? நாளைக்கே மூடிட்டா நான் எங்க போறது?"

"மூடுன்னு நான் கேட்டனா? தேதியைச் சொல்லுன்னுதான கேட்டேன்! தேதி தெரிஞ்சாத்தான நீங்க வேற வேலை தேட முடியும்? உங்களுக்குன்னுதான போய் நின்னேன்!"

"என்கிட்ட ஏன் கத்தற?"

"கத்த வேண்டியவன்கிட்ட கத்த விட மாட்டேங்கறாங்களே, வேற யாருகிட்டக் கத்தறது?"

அந்த வாரம் முழுக்க இருவரும் ஜாடையில்தான் பேசிக்கொண்டார்கள். அதற்குள் அமைச்சகத்தின் பதில் செய்தியில் வந்தது. அமைச்சர் அந்தப் பெண்களை நேரில் பார்க்கவில்லையாம். 'கிடைத்த தகவல்களின் அடிப்படையில்' அப்படிச் சொன்னாராம். அன்று பெல்ட்டில் அவனோடு வேலை செய்கிற ஆட்கள் சாப்பாட்டு நேரத்தில் அந்தச் செய்தியைச் சத்தமாகப் படித்தார்கள். வீட்டுக்கு வந்தவன் சட்டையைக் கழற்றாமல் நின்றான்.

"புதன்கிழமை எனக்கு லீவு. எந்தப் பஸ்ஸு போகும்?"

இப்போது அவன் போகிறான். அவள் கொடுத்த இஸ்திரிச் சட்டையில், முன்வரிசையில். முதல் நாள் திரும்பி வந்தபோது வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"குட்டைமுடியம்மா கேட்டாங்களா?"

"கேட்டாங்க. மறுபடி மறுபடி கேட்டாங்க."

"அந்த மந்திரி என்ன சொன்னான்?"

"உரிய காலத்திலன்னான்."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"எந்திரிச்சிடலாம்னு வந்துச்சு. நாற்காலியைக் கெட்டியாப் புடிச்சிட்டு உக்காந்திருந்தேன். எனக்கும் தடை போட்டுட்டா அடுத்த வாரம் யாரு போறது?"

குழுவின் அறிக்கை வெளியானது. அமைச்சர் தவறான தகவல் தந்தார், நிலையத்தை மூடும் நாளை உடனே அறிவிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. 'கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று அரசு பதில் எழுதிவிட்டது. புகைபோக்கி புகைந்துகொண்டிருக்கிறது.

அறிக்கை வந்த வாரம் 'நன்றி ஐயா' சலவைக் கடைக்கு வந்தார். கூடவே இரண்டு பேர், ஒருவர் கையில் கேமரா. "அக்கா, உங்களால நம்ம தொகுதிக்கே பெருமை" என்று ஆரம்பித்தார். அன்றைக்கே தானும் அந்தக் கேள்வியைக் கேட்பதாக இருந்ததாகவும், நேரம்தான் கிடைக்கவில்லை என்றும் சொன்னார்.

"தேதி கொண்டு வந்திருக்கீங்களா?" என்றாள், ஈர விரிப்புகளை அள்ளிக்கொண்டே.

"அதைப் பத்திப் பேசத்தான் வந்தேன். முதல்ல நீங்க ஒண்ணு புரிஞ்சுக்கணும். இது உலக அளவுல ரொம்பச் சிக்கலான ஒரு..."

விரிப்புகளைப் பிழிகிற இயந்திரத்துக்குள் திணித்தாள். மூடியை அழுத்திச் சுவிட்சைப் போட்டாள். தரை அதிர்ந்தது. அலமாரியிலிருந்த சோப்பு டப்பாக்கள் கிடுகிடுத்தன. கேமராக்காரர் காதைப் பொத்திக்கொண்டார். 'நன்றி ஐயா'வின் வாய் மட்டும் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

அவள் அடுத்த இயந்திரத்தையும் போட்டாள்.