கூட்டுப்பண்ணைப் படமும் மிளகாய்க் கன்றுகளும்

பேரனின் புதுப் புத்தகத்தில் எழுந்த வழவழப்புத் தாளின் மணம், அக்கராயனில் எங்கள் வீட்டுக்குக் கம்யூனிஸ்ட் வாத்தியார் மாதந்தோறும் கொண்டுவந்த ருஷ்யச் சஞ்சிகையையும், அதில் கோதுமைக் கதிர்களுக்கு நடுவே ஓயாமல் சிரித்த கூட்டுப்பண்ணைப் பெண்களையும் நினைவூட்டியது.

அரசாங்கம் தந்த குடியேற்றக் காணியில் நெல்லைத் தவிர எதுவும் கூடாதென்று அதிகாரி அம்மாவின் மிளகாய்க் கன்றுகளைப் பிடுங்கியெறிந்த மறுநாளும் வாத்தியார் சஞ்சிகையோடு வந்தார்.

"அங்கை என்ன நடுறதெண்டு ஆர் தம்பி சொல்லுறது?" என்று கூட்டுப்பண்ணைப் படத்தைக் காட்டி அம்மா கேட்டார்.

"அரசாங்கம்தான், அக்கா."

"அதுக்கு இஞ்சையே ஒரு துரை இருக்கிறார்."

சிரிக்கும் பெண்களைக் கிழித்து என் பள்ளிக் கொப்பிக்கு உறை போட்ட அம்மா, மிச்சமிருந்த மிளகாய் நாற்றுக்கட்டை வாத்தியாரின் கையில் திணித்தார்.

"வாங்கோ, புடுங்கின இடத்திலையே நடுவம்."