பை இல்லாத வயிறு

ஏணியில் கால் வைப்பதற்கு முன் அவர் ஒருமுறை கழிவறைக்குப் போய் வருவார். கையுறையை மாட்டிய பிறகு சந்தேகம் வந்து மறுபடியும் போவார். அவர் ஓட்டும் டவர் கிரேனின் அறை, வளரும் கட்டடத்துக்கும் மேலே அந்தரத்தில் நிற்கிறது. ஏறிவிட்டால் அவசரத்துக்கு இறங்குவது லேசான காரியமில்லை.

கல் சேர்ந்த பித்தப்பையை எடுத்துச் சில மாதங்கள் ஆகின்றன. வலி ஒழிந்தது. ஆனால் வயிறு வேறு யாருடையதோ போல நடந்துகொண்டது. பொரித்ததைத் தின்றால் ஓட வைத்தது. அவரே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார்: காலையில் பட்டினி. "உள்ள ஒண்ணும் இல்லைன்னா எது வெளிய வரும்?"

நியாயமாகத்தான் தெரிந்தது. ஆனால் மதியம் பசி தாங்காமல் காலைக்கும் சேர்த்து ஒரு பிடி பிடித்துவிட்டு ஏறினார். கொக்கியில் கம்பிக்கட்டு தொங்கும்போது வயிறு முறுக்கியது. கட்டைப் பத்திரமாக இறக்கி வைத்தார். அவசரமாக இறங்கியும், பாதி ஏணியில் தன் மானத்தைக் காப்பாற்ற முடியவில்லை.

கீழே சைகை காட்டும் மைத்துனன் வாக்கிடாக்கியில், "என்ன மாமா, மேல மழையா?" என்றதைக் கேட்டு எல்லாரும் சிரித்தார்கள். சூப்பர்வைசர் சிரிக்கவில்லை.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா கீழ கிடங்குலதான் வேலை. மேல வேற ஆளப் போட்டுடுவேன்."

தலைக்கு மேல் வானம் மட்டுமே இருந்து பழகியவருக்கு அன்று இரவு தூக்கமில்லை.

மனைவி முதியோர் இல்லத்தில் நோயாளிகளைப் பராமரிப்பவள். இதற்கெல்லாம் முகம் சுளிக்கிற ஆளில்லை. "பைதாங்க போச்சு, பித்தம் போகல. ஈரல் பாட்டுக்கு ஊத்திக்கிட்டே இருக்கு, புடிச்சு வைக்கத்தான் பாத்திரமில்ல. பட்டினி கிடந்துட்டு மொத்தமா கொட்டினா அது என்ன பண்ணும்? கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடுங்க. டாக்டர்கிட்டயும் மறைக்காம சொல்லுங்க. உங்க வெக்கம் வயித்துக்குத் தெரியுமா?"

டாக்டரும் அதையேதான் சொன்னார். கரைத்துக் குடிக்க ஒரு தூளும் எழுதிக் கொடுத்தார்.

அதன் பிறகுதான் அவருக்குத் தன் வயிற்றின் மீதே ஓர் ஆர்வம் பிறந்தது. "புதுக் கிரேன் வந்தா எடுத்த எடுப்புல முழுப் பாரமா ஏத்துவோம்?" என்பார். விடுமுறை நாளில் மட்டும் சோதனை. ஒரு வாரம் அவித்த முட்டை. அடுத்த வாரம் ரொட்டியில் கொஞ்சம் வெண்ணெய். தின்றுவிட்டு, எஞ்சின் சத்தம் கேட்பவரைப் போல வயிற்றில் கை வைத்து உட்கார்ந்திருப்பார்.

"என்ன சொல்லுது?" என்பாள் மனைவி.

"முட்டைக்குச் சரின்னுடுச்சு. வெண்ணெய்க்குத்தான் முறைக்குது."

இப்போதெல்லாம் ஒரு பாரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே இரண்டு வாய் சாப்பிடுகிறார். "கைக்குழந்தை தோத்துடும் மாமா," என்கிறான் மைத்துனன். "நீ கம்பியப் பாரு மாப்ளே," என்கிறார்.

நேற்று சூப்பர்வைசர் கிரேன் ஓட்டத் தெரிந்த ஒரு புது ஆளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு காலையிலிருந்தே அண்ணாந்து பார்த்தபடி இருந்தார். கண்ணாடிச் சட்டங்கள் ஒவ்வொன்றாக ஏறின, எதுவும் தடைப்படவில்லை. மதியம் சூப்பர்வைசர் அந்த ஆளை வேறு கட்டட வேலைக்கு அனுப்பிவிட்டார்.

"சாப்பாட்டு நேரம் மாமா, இறங்கி வர்றீங்களா?"

"இல்ல மாப்ளே. நான் இங்கயே இருக்கேன்."

கொக்கியை வெறுமையாக மேலே ஏற்றி நிறுத்தினார். எந்த நேரமும் இறங்கி ஓட வேண்டியிருக்கும் என்று கழற்றாமலே இருந்தவர், ஆபரேஷனுக்குப் பிறகு அந்த அறையில் முதல் முறையாகக் குனிந்து, ஷூ கயிற்றை அவிழ்த்தார். ஜோடியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெயில் படுகிற கண்ணாடியில் இரண்டு பாதங்களையும் நீட்டி வைத்துக்கொண்டார்.