மேலே வராதவர்களைக் கூப்பிட்ட யசோதரை அக்கா

தங்கவயல் சாம்பியன் ரீப்ஸில் எங்கள் லைனில் நிலம் அதிர்ந்த அன்று, அத்தனை வீட்டுக்கும் குரல் கொடுத்து வந்த யசோதரை அக்காவுக்காக யாரும் குரல் கொடுக்கவில்லை. இடுப்பெலும்பு முறிந்து சமையலறைத் தரையில் கிடந்த அவரை மறுநாள் காலை பால் ஊற்ற வந்த பெண்தான் பார்த்தாள். எதிரிலும் சற்றுத் தள்ளியும் ஆள் இருந்த வீடுகள். இதை விதி என்று நான் எழுத மாட்டேன். இது அநியாயம். செய்தவர்கள் யார் என்பதும் எனக்குத் தெரியும்.

குடியாத்தத்தில் நான் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த நேரத்தில் என் மருமகள் செல்வி போன் செய்தாள்.

"மாமா, எசோதாம்மா போயிட்டாங்க."

நான் தட்டைத் தள்ளி வைத்தேன். பிறகு அவளே சொன்னாள். "ஆஸ்பத்திரில கண்ணத் தொறந்தப்போ என்னப் பாத்து ஒண்ணுதான் கேட்டாங்க. 'கூப்ட்டாங்களா?'ன்னு."

"நீ என்ன சொன்னே?"

"கூப்ட்டாங்கன்னு சொன்னேன் மாமா."

அந்தப் பொய்க்காகச் செல்வி மேல் எனக்குக் கோபமில்லை. அவளைப் பொய் சொல்ல வைத்தவர்கள் மேல்தான் கோபம்.

லைனில் இருப்பவர்களுக்கு என்னைத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நான் குடியாத்தத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தவன். பள்ளிக்கூடம் என்னை ஐந்தாம் வகுப்போடு விட்டது. படிப்பை நான் விடவில்லை. சில வருடங்களுக்கு முன், இருதய சிகிச்சை முடிந்த கையோடு, வேலூர் பக்கத்து வெயில் ஆகாது என்று டாக்டர் சொல்ல, ஒரு கோடை முழுக்க மகன் வீட்டில் தங்கப் போனேன். மகனும் செல்வியும் பெங்களூரில் வேலை செய்கிறார்கள். வாடகை தாங்காமல் தங்கவயலில் பழைய சுரங்கத் தொழிலாளர் லைன் ஒன்றில் வீடு பிடித்திருந்தார்கள். விடியும்போதே ரயிலேறிப் போனால் இருட்டித்தான் வருவார்கள். அந்த ரயில் போன பிறகு லைனில் வயதானவர்களும் நாய்களும்தான் மிச்சம்.

முதல் சில நாட்கள் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. தெருமுனையில் சயனைட் மேடு, தங்கம் பிரித்தெடுத்த மண்கழிவு குவிந்து, சாம்பல் வெள்ளையாக ஒரு மலைபோல. பகல் பன்னிரண்டு மணிக்குக் காற்று அடித்தால் அதன் மேலிருந்து புழுதி எழுந்து, யாரோ நடந்து வருவதுபோல நிமிர்ந்து வந்து, வீடுகளுக்குச் சற்று முன்னால் உட்கார்ந்துவிடும். சுரங்கத்துக்குள் இறங்கும் ஆழக்குழியான ஷாஃப்ட் மேல் நிற்கும் இரும்புக் கோபுரத்தில் சக்கரம் சுற்றுவதை நிறுத்தி எத்தனையோ வருடமாகிறது. ஆனாலும் சில மத்தியானங்களில் அது முனகும். சுரங்கம் மூடியதும் தண்ணீர் இறைப்பதையும் நிறுத்திவிட்டார்கள். ஒவ்வொரு லெவலாகத் தண்ணீர் நிரம்பி மேலே வந்துகொண்டிருக்கிறது என்று அங்கே எல்லோரும் சாதாரணமாகச் சொல்வார்கள், பக்கத்து ஊரில் மழை பெய்கிறது என்பதுபோல.

நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து எதிர்வீட்டுக் கோவிந்தம்மாள்தான் முதலில் பேச்சுக் கொடுத்தார்.

"இன்னா அண்ணா, புருசன வேலைக்கு அனுப்ச்ச பொண்டாட்டி மாதிரி வாசல்லயே குந்திகினு கீறீங்க? உள்ள போயி கால நீட்றது."

"உள்ளே போனால் யாரோ இருக்கிற மாதிரி இருக்கும்மா" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "அதான், எசோதாக்காகிட்ட சொல்லுங்க. அது உங்குளுக்கு ரசம் வச்சிக் குடுக்கும்" என்றார்.

அப்படித்தான் யசோதரை அக்கா என் கோடைக்குள் வந்தார். லைனின் முதல் வீடு அவருடையது. அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் பூட்டிய வீடு ஒன்று. எண்பதை நெருங்கிய வயது, ஒல்லியான உடம்பு, வெள்ளைச் சேலை. புத்த மதம் தழுவிய குடும்பம். பௌர்ணமி தோறும் விகாரைக்கு நடந்தே போய் வருவார். எழுபது தாண்டிய என்னை முதல் நாளே "தம்பி" என்று கூப்பிட்டார். அதற்கு முன் என்னை அப்படிக் கூப்பிட்டவர்கள் எல்லோரும் செத்துப்போயிருந்தார்கள்.

தினமும் மத்தியானம் மிளகு ரசமும் ஒரு கீரையும் எனக்கு வந்துவிடும். "உப்புக் கம்மியா போட்ருக்கேன். மொகத்த சுளிக்காம துன்னுங்க" என்பார். அவர் கணவர் கேஜ் ஓட்டியவர். ஆட்களை ஷாஃப்டில் இறக்கி ஏற்றும் கூண்டுதான் கேஜ். ஓய்வு பெற்ற பிறகு வீட்டுக் கட்டிலில் இறந்தார். அதைச் சொல்லும்போது அக்கா முகத்தில் ஒரு பெருமை இருக்கும். "மேலதான் செத்தாரு. அதிஷ்டக்காரர்."

அதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது, நான் இருக்கும்போது முதல் தடவை நிலம் அதிர்ந்த அன்றைக்குத்தான்.

மாலை நாலு மணி இருக்கும். பாத்திரங்கள் முதலில் பேசின. பிறகு காலுக்கடியில் ஏதோ திரும்பிப் படுத்ததுபோல் இருந்தது. சத்தம் காதுக்கு வருவதற்கு முன் பல்லுக்கு வந்தது. நான் வெளியே ஓடினேன். வயதானவர்கள் எல்லோரும் அவரவர் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லோரும் ஒரே பக்கம் பார்த்தார்கள். முதல் வீட்டு வாசலிலிருந்து அக்காவின் குரல் எழுந்தது, ஒவ்வொரு வீட்டின் பெயராக.

"கோயிந்தம்மா?"

"மேல."

"தாஸ் வீடு?"

"மேல."

சுரங்கத்துக்குள் பாறை வெடித்தால் மேலே நிலம் இப்படித்தான் அதிரும். அந்தக் காலத்தில் அதிர்ந்ததும் லைன் பெண்கள் வாசலில் நின்று, யார் வீட்டு ஆள் எந்த ஷிப்டில் இருக்கிறான், மேலே வந்துவிட்டானா என்று கேட்டுக்கொள்வார்களாம். வந்தவன் வீட்டில் "மேல" என்பார்கள். சுரங்கம் மூடிய பிறகும் அதிர்வு நிற்கவில்லை. கூப்பிடுவதையும் அவர்கள் நிறுத்தவில்லை. எந்தக் கிழடு உள்ளே விழுந்து கிடக்கிறது என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. கடைசியாகக் கோவிந்தம்மாள் "எசோதாக்கா?" என்று கேட்பார். அக்கா "மேல" என்பார். அதன் பிறகுதான் எல்லோரும் உள்ளே போவார்கள்.

அன்று, அந்தக் கடைசிக் கேள்விக்கு முன் அக்கா மூன்று பெயர்களைக் கூப்பிட்டார். முனுசாமி. சின்னப்பன். ஆனந்தன். ஒவ்வொரு பெயருக்குப் பிறகும் நிறுத்தினார். ஒரு மூச்சு விட்டு இழுக்கும் நேரம். நாய்கள்கூட அசையவில்லை. பாறை சரிந்து உள்ளேயே மூடிப்போய், உடல்கூட எடுக்க முடியாத மூன்று பேர் அவர்கள் என்று பிறகு தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரியாது.

"ஆனந்தன்?" என்று அக்கா கூப்பிட்டபோது, எனக்குப் பக்கத்திலிருந்த பூட்டிய வீட்டுக்குள் யாரோ இருமினார்கள். ஈரமான, நெஞ்சின் அடியிலிருந்து வரும் இருமல். பூட்டு நினைவுக்கு வராமல், உள்ளே இருப்பவருக்குக் குரல் எடுக்க முடியவில்லை போலும் என்று நினைத்து, அவருக்காக நானே உரக்கச் சொன்னேன்: "மேல."

லைன் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. கோவிந்தம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். தாஸ் என்பவர், "யோவ் பெரியவரே, இன்னா பேசிட்ட நீ?" என்று படியிறங்கினார். அக்கா கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். மிச்சப் பெயர் இல்லாததால் கோவிந்தம்மாளைப் பார்த்தார். அவர் தடுமாறி "எசோதாக்கா?" என்றார். அக்காவின் "மேல" அன்றைக்குச் சரியாக வெளியே வரவில்லை.

ஆனந்தன் அக்காவின் கூடப்பிறந்த தம்பி. அந்தப் பூட்டிய வீடு அவனுடையது. அவன் மனைவி பங்காருபேட்டைக்குப் போய்ப் பல காலமாகிறது.

நான் தப்பாகக் கேட்டேன் என்று செல்வி முதல் தாஸ் வரை எல்லோரும் சொன்னார்கள். இல்லை. என் காது அன்றும் நன்றாக இருந்தது, இன்றும் நன்றாக இருக்கிறது. கேட்டதைச் சொன்னேன்.

மறுநாள் ரசம் கொண்டு வந்த அக்கா போகாமல் நின்றார்.

"தம்பி, நெசமா கேட்டுச்சா?"

"கேட்டுச்சு அக்கா."

"எப்டி இருமுனான்?"

நான் இருமிக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார். இன்னொரு தடவை காட்டச் சொன்னார். பிறகு, "வாங்க" என்று முன்னால் நடந்தார்.

பூட்டு துருவேறித் திறக்க மறுத்தது. உச்சி வெயில். கதவு விட்டதும் உள்ளிருந்து வந்த காற்று குளிராக இருந்தது. வீட்டில் எதுவும் இல்லை. ஒரு ஆணி, அதில் பழைய காலண்டர் மட்டை. ஆனால் தரையின் நடுவில் ஈரம் இருந்தது, குளித்துவிட்டு வந்த ஆள் நின்ற இடம்போல. அங்கே அப்போது மழை இல்லை. அந்த வீட்டில் குழாயும் இல்லை. அதிர்வில் தரை விரிசல் விட்டு அடித்தண்ணீர் கசிந்திருக்கும் என்று நான் சொன்னேன். குனிந்து தடவியும் பார்த்தேன். விரிசல் கைக்குத் தட்டுப்படவில்லை.

அக்கா அந்த ஈரத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார். தொடவில்லை. "ஷிப்டு முடிஞ்சி வந்தா இப்டித்தான் இருக்கும். தலையிலருந்து சொட்டும்" என்றார். வெகு நேரம் கழித்து, "போலாம். தூங்கட்டும்" என்று எழுந்து கதவைச் சாத்தினார். பூட்டவில்லை.

கோடை முடிவதற்குள் இன்னொரு தடவை அதிர்ந்தது. அக்கா முனுசாமியைக் கூப்பிட்டார், சின்னப்பனைக் கூப்பிட்டார், நிறுத்திக்கொண்டார். ஆனந்தன் பெயர் வரவில்லை. எதிர்வாசலில் கோவிந்தம்மாள் அழுதார். நான் ஊர் திரும்பும்முன் அக்காவைக் கேட்டேன், இத்தனை காலம் எதற்காகக் கூப்பிட்டீர்கள் என்று. அவர் சொன்னது: "வந்தவங்கள எண்றது சுலுவு தம்பி. வராதவங்கள எண்றதுக்குத்தான் ஒரு ஆளு வேணும்."

இனி, நடந்த அநியாயத்துக்கு வருகிறேன்.

போன வருடம் பெங்களூரிலிருந்து ஒரு இளைஞன் போனும் கையுமாக வந்தான். அக்கா போட்ட டீயைக் குடித்தான். பாட்டி பாட்டி என்று பேசி, அவரைக் கூப்பிட்டுக் காட்டச் சொன்னான். அதிராத நிலத்தில் கூப்பிடுவது தப்பு என்று அவர் மறுத்திருக்கிறார். காத்திருந்து, அடுத்த அதிர்வில் ஒளிந்து வீடியோ எடுத்து, 'பேய்களுக்கு வருகைப் பதிவு எடுக்கும் கிழவி' என்று இணையத்தில் போட்டுவிட்டான். பார்க்க ஆட்கள் கிளம்பி வந்து, நிலம் அதிரக் காத்துக் கிடந்தார்கள். சிலர் சின்னப்பன் பெயர் வந்ததும் "பிரசன்ட்" என்று கத்தினார்களாம்.

கத்தியவர்களை விரட்டியிருக்க வேண்டும். லைன் சங்கச் செயலாளரோ கூப்பிடுவதையே நிறுத்தினார். லைனுக்குப் பேய்ப் பெயர் வந்தால் வாடகைக்கு ஆள் வராது என்பது அவர் நியாயம். பதிலாக வாட்ஸ்அப் குரூப். அதிர்ந்தால் அதில் கட்டை விரல் போட வேண்டும். அக்காவிடம் இருந்தது பட்டன் போன்.

இறந்த செய்தி வந்த அன்றே செயலாளருக்குப் போன் போட்டேன்.

"பெரியப்பா, அன்னிக்கி எல்லாரும் மெசேஜ் போட்டாங்க. நான் செக் பண்ணேன்."

"எசோதாம்மா போட்டாங்களா?"

"அவங்க குரூப்லயே இல்லயே பெரியப்பா."

"இல்லைன்னா, வரலைன்னு எப்படித் தெரியும்?"

அவர் போனை வைத்துவிட்டார். இத்தனைக்கும் சின்னப்பன் இந்தச் செயலாளரின் தாத்தா. நிலம் அதிர்ந்த அன்று அக்கா குரல் எழும்பாமல் தரையில் கிடந்தபடி கதவுக்கு வெளியே வாசல்கள் திறப்பதையும், ஆட்கள் நிற்பதையும், பேசாமல் உள்ளே போவதையும் கேட்டிருப்பார். கோவிந்தம்மாளும் அங்கேதான் நின்றார். சங்கம் வேண்டாமென்றதால் வாயைத் திறக்கவில்லை. செல்வியும் என் மகனும் ரயிலிலிருந்தே கட்டை விரல் போட்டிருக்கிறார்கள். முந்தின நாளே கொண்டு வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னதாகச் செல்வி சொல்கிறாள்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான். நாலு பேர் கூடும் எந்த இடத்திலும் இப்போது நான் வராதவர் யார் என்று பார்க்கிறேன். கல்யாண வீட்டில்கூட. அது சிலருக்குப் பிடிப்பதில்லை.

செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். வீடியோ எடுத்தவன் அதை நீக்க வேண்டும். நீக்கிவிட்டு லைனுக்கு நேரில் வந்து சொல்ல வேண்டும். சங்கம் தன் தடையை எடுக்க வேண்டும். குரூப் வேண்டுமென்றால் இருக்கட்டும், வாசலும் இருக்க வேண்டும். தாஸ், தனியாக இருக்கும் கிழவர்கள் வீட்டுக் கதவை உள்ளே தாழிடாமல் இருக்கச் சொல்லி ஒவ்வொருவரிடமும் பேச வேண்டும். என் மகனும் செல்வியும் ஊரில் இல்லாத நாளில் தங்களுக்காகப் பதில் சொல்ல ஒருவரை ஏற்பாடு செய்துவிட்டு ரயிலேற வேண்டும். ஆனந்தன் வீட்டை யாரும் பூட்டக் கூடாது, வாடகைக்கும் விடக் கூடாது. யசோதரை அக்காவின் பெயரை மேலே வராதவர்களோடு சேர்க்கக் கூடாது. அவர் சுரங்கத்தில் சாகவில்லை, நம் நடுவில் செத்தார். கோவிந்தம்மாள் முதல் வாசலில் நின்று வீடுகளைக் கூப்பிட வேண்டும். முனுசாமிக்கு இப்போது உறவென்று யாருமில்லை, அவர் பெயரையும் கோவிந்தம்மாளே கூப்பிடட்டும். சின்னப்பன் பெயரைச் செயலாளர் கூப்பிட வேண்டும், தன் வாயால், லைன் கேட்கும்படி. கூப்பிட்ட பிறகு உடனே உள்ளே போகாமல், பதில் வருகிறதா என்று காது கொடுத்து அவர் அங்கேயே நிற்க வேண்டும்.